பட்டம் வாங்குமுன் போட வேண்டிய விண்ணப்பம்

சிவகாசியில் டிசம்பர் என்றால் காலண்டர் மாதம். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்களில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். நாடெங்கும் சுவரில் தொங்கப்போகும் தினசரி காலண்டரும் மாத காலண்டரும் இங்கிருந்துதான் லாரி ஏறுகின்றன. அதே டிசம்பரில் டெல்லியில் யுபிஎஸ்சி ஓர் அறிவிப்பை வெளியிடும். ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வு என்று பெயர். மாணவர்கள் சிடிஎஸ் என்பார்கள். மே மாதத்தில் இன்னொரு அறிவிப்பு வரும். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றிலும் பட்டதாரிகள் அதிகாரியாக நுழையும் முக்கிய வாசல் இது. இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்துக் கொடுக்கும் ஊரில் இந்தத் தேதி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பட்டாளம் இந்தச் சீமைக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடு பல ஊர்களில் உண்டு. விடிவதற்குள் கண்மாய்க்கரையிலும் பள்ளி மைதானத்திலும் பையன்கள் 1,600 மீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். ஆனால் ராணுவம் என்றதும் இவர்கள் மனதில் எழும் படம் ஒன்றே ஒன்றுதான்: ஆள்சேர்ப்பு முகாம், ஓட்டம், சிப்பாய் வேலை. 2022-இல் அக்னிபத் திட்டம் வந்தபின் அந்த வேலையும் நான்கு ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதத்தினர்தான் நிரந்தரமாகத் தொடர முடியும். இது தெரிந்தும் பையன்கள் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதே வீட்டில் பி.காம். படிக்கும் அக்காவையோ அண்ணனையோ கேளுங்கள். குரூப் 4, பேங்க், எஸ்.ஐ. செலக்‌ஷன் என்று பட்டியல் வரும். லெப்டினன்ட் என்ற சொல் அந்தப் பட்டியலில் வராது.

2024 தீபாவளியன்று ‘அமரன்’ படம் வெளியானது. அதன் நாயகனான மேஜர் முகுந்த் வரதராஜனின் மரணத்துக்குத் தியேட்டர்களில் கண்கலங்காதவர்கள் குறைவு. ஆனால் அவர் எப்படி ராணுவத்துக்குள் போனார் என்பதைக் கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு. அவர் படித்தது பி.காம்.; காஞ்சிபுரம் பக்கம் ஏனாத்தூரில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில். சிடிஎஸ் எழுதினார், பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தார், 2006 மார்ச்சில் ராஜ்புத் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆனார். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஜெனரல் சுந்தர்ஜி இருக்கிறார். செங்கல்பட்டில் பிறந்தவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர், 1986-இல் ராணுவத் தலைமைத் தளபதியானார். இன்று படிப்பைப் பாதியில் விட வேண்டிய அவசியமும் இல்லை.

தேர்வைப் பற்றி நம் பிள்ளைகளிடம் இருக்கும் பயத்தில் பாதி, விவரம் தெரியாத பயம். ராணுவப் பிரிவுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் போடலாம், வரலாறு படித்தவரும் போடலாம். கடற்படைக்குப் பொறியியல் வேண்டும். விமானப்படைக்குப் பொறியியல் பட்டம், அல்லது பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துப் பெற்ற பட்டம். டேராடூன் ராணுவ அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள். பரங்கிமலைக்கு முதல் இரண்டு மட்டும். அந்தக் கணிதமும் பத்தாம் வகுப்புத் தரம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டத்துக்கு இது மலை இல்லை. கட்டணம் ரூ.200, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையில், மதுரையிலேயே எழுதலாம். ஆனால் முந்தி விண்ணப்பிப்பவர்களுக்கே மதுரை கிடைக்கும். கடைசி நாள் வரை இழுத்து பிரவுசிங் சென்டரில் போய் நின்றால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டி வரும். ஏப்ரல் தேர்வு நம் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வோடு உரசிக்கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

இடங்கள்? டேராடூனுக்கு 100. பரங்கிமலைக்கு, ஆண்களுக்கு ஏறத்தாழ 275. போட்டி நாடு முழுவதற்குமானது. ஆகவே ‘எழுதினால் கிடைத்துவிடும்’ என்று ஆசைகாட்டும் எண்ணம் எனக்கில்லை. எழுதாமலே விடுவதற்குக் காரணம் இல்லை என்பதுதான் என் கட்சி.

இதில் கல்லூரிக்குள் இருக்கும்போதே செய்தாக வேண்டியது ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் பிறகு எத்தனை கோச்சிங் போனாலும் திரும்பக் கிடைக்காது. என்சிசி. தேசிய மாணவர் படை எனப்படும் இதில் முதலாண்டில் சேர்ந்தால் இரண்டாமாண்டு முடிவில் பி சான்றிதழ், மூன்றாமாண்டில் சி சான்றிதழ். சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் என்சிசி சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வே இல்லாமல் நேர்முகத் தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கலாம். டேராடூனின் 100 இடங்களில் 13 இடம் என்சிசி சி சான்றிதழ் உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய சலுகை நம் கல்லூரி மைதானத்திலேயே கிடக்கிறது. பரேடு முடிந்து கிடைக்கும் டிபனுக்காக என்சிசியில் சேர்ந்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. விருதுநகரில் பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை என்றாலும் அந்த டிபனுக்குத் தனி ருசிதான். போலீஸ் வேலைக்கு மார்க் கிடைக்கும் என்று சேர்பவர்கள் இன்னும் அதிகம். அதிலும் தப்பில்லை. சேர்ந்த பிள்ளையிடம் ‘இந்தச் சான்றிதழ் உன்னை அதிகாரியாகவும் ஆக்கும்’ என்று யாராவது முதலாண்டிலேயே சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. மூன்றாமாண்டு மார்ச்சில் சொன்னால் சொன்னதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

எழுத்துத் தேர்வைத் தாண்டினாலும், என்சிசி வழியாக அதைத் தவிர்த்தாலும், எஸ்எஸ்பி எனப்படும் தேர்வு வாரியத்திலிருந்து தப்ப முடியாது. ராணுவத்துக்கு நமக்கு அருகில் இருப்பது பெங்களூரு. விமானப்படைக்கு மைசூரு. தூத்துக்குடியிலிருந்து கிளம்பி விருதுநகர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ் இரண்டு ஊரிலும் இறக்கிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தை வாரியமே திருப்பித் தரும். ஐந்து நாள் தேர்வு. ஆனால் முதல் நாளிலேயே பெரும்பாலானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுவார்கள். ‘ஸ்கிரீன் அவுட்’ என்று அதற்குப் பெயர்.

அந்த முதல் நாளைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நெஞ்சில் எண் எழுதிய துணியைக் கட்டிவிடுவார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, செஸ்ட் நம்பர்தான். திரையில் மங்கலான ஒரு படம் 30 விநாடி தெரியும். இருவர் நிற்பது போலவும் இருக்கும், ஒருவர் விழுந்து கிடப்பது போலவும் இருக்கும். யார், என்ன வயது, என்ன மனநிலை, என்ன நடக்கிறது என்று தானே ஒரு கதையைக் கட்டி நான்கே நிமிடத்தில் எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் கதையை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அதன்பின் எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வரவேண்டும். அங்கேதான் மீன் சந்தை தொடங்கும். சைனிக் பள்ளியிலும் ராணுவப் பள்ளிகளிலும் படித்த வடக்கத்திப் பையன்கள் ஆங்கிலத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள். திருத்தங்கலிலிருந்து போன பையனிடம் நல்ல கதை இருக்கும். வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் வட்டம் கலைந்துவிடும். மறுநாள் உளவியல் தேர்வு வரை போய்விட்டால் அவன் தேறிவிடுவான் என்றே நினைக்கிறேன். 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில் எழுதச் சொல்வார்கள்: வழியில் ஒரு வீடு தீப்பிடித்து எரிகிறது, நீ என்ன செய்வாய் என்கிற வகை. பயிற்சிப் புத்தகங்களில் தீ விபத்து இல்லாத சூழ்நிலைப் பட்டியலை நான் பார்த்ததில்லை. இந்தப் பகுதிப் பிள்ளைக்கு அதற்குப் பதில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆக, முட்டுக்கட்டை மொழிதான். சிடிஎஸ் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடத்துவதாக ஒன்றிய அரசு 2023-இல் அறிவித்தது. தமிழ்நாட்டின் வற்புறுத்தல் அதன் பின்னால் இருந்தது. கடைநிலைக் காவலர் வேலைக்குத் தமிழ் வந்தாயிற்று, அதிகாரி வேலைக்கு இன்னும் வரவில்லை. பொது அறிவுத் தாளை இந்திக்காரர் தன் மொழியில் வாசிக்கிறார், நம் பிள்ளை இரண்டாம் மொழியில் வாசிக்கிறது என்றால் அது சமமான ஓட்டப்பந்தயம் ஆகாது. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் நம் மக்களவை உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஆனால் அது கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் பிள்ளைகளை ஏமாற்றியதாகும். எஸ்எஸ்பி வட்டத்திலும் அகாடமி வகுப்பிலும் படைப்பிரிவின் மெஸ்ஸிலும் ஆங்கிலம்தான் ஓடுகிறது. அந்த ஆங்கிலத்துக்கு இலக்கணப் புத்தகம் உதவாது. தினமும் அரை மணி நேரம், நாலு பேர் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகவேனும் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். மூன்று வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவன் ஒரு தடவைகூட எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது என்றால், பழி அவன் மேல் இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். “மிலிட்டரியா? வேண்டாம்ப்பா, உசுருக்கு உத்தரவாதமில்லை.” இந்த வார்த்தையைச் சொல்லும் அம்மா யார்? காலையில் பட்டாசு ஆலை வேன் ஏறிப் போகிறவர். சாயங்காலம் சாத்தூர் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். வேன்களிலிருந்து இறங்கும் பெண்களின் கைகளில் அலுமினியப் பவுடரின் வெள்ளிப்பூச்சு முழங்கை வரை ஏறியிருக்கும். தலைத்துணியை உதறிக்கொண்டே நடப்பார்கள். அதே நேரத்துக்கு அதே நிறுத்தத்தில் கல்லூரி பஸ்ஸிலிருந்து மகனோ மகளோ இறங்குவார்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இடையில் பெயர் நினைவில் நிற்காத எத்தனையோ ஊர்கள். அந்த அம்மாவை முரண்பாட்டுக்காகக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆலை ஆபத்து அவருக்குப் பழகிய ஆபத்து. பிள்ளை தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. காஷ்மீர் அவருக்கு டிவியில் வரும் ஊர். தன் வாழ்நாள் முழுக்க வெடிமருந்துக்கு நடுவே உட்கார்ந்து பிள்ளையைப் படிக்க வைத்ததே அவன் எந்த ஆபத்திலும் போய் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். இந்தப் பாசத்துக்குப் பதில் சொல்லாமல் தேசபக்தி பேசிப் பயனில்லை.

பதில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பட்டாசு ஆலையில் இத்தனை பேர்தான் ஓர் அறையில் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் கையாளலாம், உராய்வு கூடாது, வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். இந்தக் கணக்குகளை மீறச் சொல்லி முதலாளியோ குத்தகைக்காரரோ நெருக்கும்போது ‘முடியாது’ என்று நிற்கிற ஃபோர்மேன் இருக்கும் ஆலையில் உயிர் பிழைக்கிறது. அடுத்தவர் உயிருக்குத் தன் முடிவு பொறுப்பு என்பதைப் புத்தகத்தில் படிக்காமல், ஆலை வேலைக்குப் போகும் வீட்டிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைகள் இவர்கள். தேர்வு வாரியம் ஐந்து நாளாகத் தோண்டித் தேடும் 15 குணங்களில் பொறுப்புணர்வும் ஒன்று. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இந்த மண்ணில் ஆள் இருக்கிறது. கைநிறையச் சம்பளமும் உண்டு: அகாடமியில் பயிற்சி பெறும் காலத்திலேயே மாதம் ரூ.56,100. அந்தத் தொகையைச் சொல்லும்போது பல அம்மாக்கள் மறுபடி ஒருமுறை கேட்பார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை போட்டதிலிருந்து, எத்தனை நாள் வேலை இருக்கும் என்று ஆலைக்கே தெரியாத நிலையில், இது சின்ன விஷயமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பரங்கிமலையில் கிடைப்பது குறுகிய காலப் பணி. பத்து ஆண்டு; விரும்பினால், தேர்வானால், இன்னும் நான்கு ஆண்டு. நிரந்தரப் பணிக்கு மாற்றப்படாதவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. முப்பத்தைந்து வயதில் வெளியே வந்து இன்னொரு வேலை தேட வேண்டும். பயிற்சியின்போதே காயம்பட்டு வெளியேற்றப்பட்ட கேடட்கள் கைவிடப்பட்ட நிலையை 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையிலெடுக்க வேண்டியிருந்தது. சீருடையின் மடிப்பை மட்டும் காட்டி இதை மறைக்கிற கோச்சிங் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

பெண்கள் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இரண்டு வரியாவது இங்கே சொல்லாமல் விட முடியாது. பரங்கிமலையில் 1992-இலிருந்து பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது. அவர்களுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு சிடிஎஸ் அறிவிப்பிலும் பெண்களுக்கு 20-க்கும் குறைவான இடங்களே இருக்கின்றன. அதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகுதி வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும் வயதும் அதேதான். விருதுநகர் வன்னியப் பெருமாள் கல்லூரியிலும் சிவகாசி எஸ்.எஃப்.ஆர். கல்லூரியிலும் படிக்கும் பெண்ணுக்கு, தேர்வைவிட ‘இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க’ என்று வீட்டில் சொல்வதுதான் கடினமான தாள்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? மகாராஷ்டிரம் 1977-இலேயே அவுரங்காபாத்தில் ராணுவ அகாடமிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்ய ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பஞ்சாப் 2011-இல் மொகாலியில் ஒன்று தொடங்கி, பின்னர் பெண்களுக்கென்று தனியாக இன்னொன்றையும் அமைத்தது. பெண்கள் அங்கே தங்கி, பக்கத்துக் கல்லூரியில் பட்டமும் படித்து, அதிகாரித் தேர்வுக்கும் தயாராகிறார்கள். நமக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962-இலிருந்து இருக்கிறது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞருக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் ரூ.7,500 தரும் அரசு, அதே அக்கறையோடு எஸ்எஸ்பி வரை போகும் கல்லூரி மாணவரையும் பார்க்க வேண்டும். மதுரையில் ஒரு பயிற்சி மையம் வைத்தால் தென்மாவட்டங்கள் அத்தனைக்கும் போதும்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் பல தீப்பெட்டி, பட்டாசு, வியாபாரப் பணத்தில் கட்டப்பட்டவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா வரை போய்வந்தார்கள். தெரியாததைத் தேடி ரயிலேறுவது இந்த ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமில்லை. அந்த வழியில் வந்த கல்லூரி நிர்வாகங்கள் செய்ய வேண்டியது சிறிது. சனிக்கிழமை மதியம் ஓர் அறை, ஆங்கிலத்தில் பேச ஒரு வட்டம், ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் ஓர் அதிகாரி, பரங்கிமலைக்கு வருடம் ஒரு பஸ். கூடவே, சிடிஎஸ் தேதியை ஒட்டிச் செமஸ்டர் தேர்வு வைக்காமல் இருப்பது.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. என்சிசிக்கு ஆள் எடுப்பது கல்லூரி திறந்த சில வாரங்களிலேயே முடிந்துவிடும். இரண்டாமாண்டில் போய்க் கேட்டால் மூன்று வருடக் கணக்கு இடிக்கும். உங்கள் கல்லூரி என்சிசி அதிகாரி யார் என்று விசாரித்து, இந்த வாரமே போய்ப் பெயர் கொடுங்கள்.